வீட்டு மது அலமாரி: கொங்கு வெயிலுக்கு எது தாங்கும், எது தாங்காது

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கம் வீட்டில் நாலைந்து பாட்டில் வைத்து, உறம்பரை வந்தால் அளவாக ஊற்றுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்பது குற்றம். இந்தப் பக்கமும் அவர்களுக்கானது அல்ல.

ஏனுங்க, புதுசா அலமாரி வெக்கறோம். முதல்ல எதெது வாங்கறதுங்க?

ஐந்து பாட்டில் போதும்: ஒரு பிராந்தி, ஒரு கருப்பு ரம், ஒரு மால்ட் விஸ்கி (முளைகட்டிய பார்லியில் வடித்தது), ஒரு ஜின், ஒரு ஆரஞ்சு லிக்யூர். லிக்யூர் என்றால் சர்க்கரையும் வாசனையும் சேர்த்த மது. ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 15% ஆல்கஹாலும், பொதுவாக லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையும் இருந்தால்தான் அந்தப் பெயர் போடலாம்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, கடையில் கலர்கலராக நிற்கும் லிக்யூர்களை முதலில் அள்ளிக்கொண்டு வருவது. நீலம் ஒன்று, பச்சை ஒன்று, பால்வெள்ளை ஒன்று. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ரம்மும் பிராந்தியும் காலியாகி இருக்கும். நீலம் மட்டும் தூசி படிந்து அப்படியே நிற்கும். இந்த ஊர்ச் சூட்டுக்கு லிக்யூர்தான் சீக்கிரம் கெடும் பண்டம். அதனால் லிக்யூரை ஒன்றொன்றாக வாங்கி, ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும்.

டாஸ்மாக் பிராந்திக்கும் கோன்யாக்குக்கும் என்ன வித்தியாசம்?

இங்கே விற்கும் சாதாரண பிராந்தியில் பெரும்பகுதி, கரும்பாலைக் கழிவுப்பாகான மொலாசஸிலிருந்து வடித்த வாசனையற்ற ஆல்கஹால். அதில் கொஞ்சம் திராட்சை பிராந்தியும், கேரமல் நிறமும், வாசனையும் சேர்ப்பார்கள். லேபிளில் திராட்சை மட்டுமே என்று எழுதியிருக்கும் பிராந்திகளும் உண்டு. விலை கூடும், வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். கோன்யாக் பிரான்ஸின் கோன்யாக் வட்டாரத்தில் விளைந்த திராட்சையின் ஒயினைச் செம்புக் கொப்பரையில் இரண்டு முறை வடித்து, ஓக் பீப்பாயில் ஊற வைத்தது. பாட்டிலில் வி.எஸ். என்றால் கலவையில் மிக இளையதற்கே குறைந்தது 2 ஆண்டு, வி.எஸ்.ஓ.பி. என்றால் 4, எக்ஸ்.ஓ. என்றால் 2018 முதல் 10 ஆண்டு. நம் ஊர் பிராந்தி பாட்டிலிலும் இந்த எழுத்துகள் அச்சாகி இருக்கும். அங்கே அவற்றுக்கு அந்தப் பொருள் கிடையாது.

சோடாவும் எலுமிச்சையும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் கோன்யாக்குக்குக் காசு கொட்ட வேண்டாம். நல்ல திராட்சை பிராந்தி 50 மிலி, ஆரஞ்சு லிக்யூர் 20 மிலி, எலுமிச்சைச் சாறு 20 மிலி. ஐஸோடு 15 விநாடி குலுக்கி வடித்தால் அதுதான் சைட்கார். நம் நாட்டு எலுமிச்சைக்குப் புளிப்பு அதிகம். முதலில் 15 மிலி ஊற்றி, ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

இந்திய சிங்கிள் மால்ட்டில் வயசே போடறதில்லையே, ஏமாத்தறாங்களா?

இல்லை. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2% ஆவியாகும். பெங்களூருவில் அது 10 முதல் 12% வரை போகும். 12 ஆண்டு வைத்தால் பீப்பாயில் ஏறக்குறைய முக்கால் பங்கு காற்றோடு போய்விடும். மிச்சத்திலும் மரக்கசப்புதான் தூக்கலாக இருக்கும். வெயிலில் மரமும் மதுவும் வேகமாகக் கலப்பதால் நாலைந்து ஆண்டிலேயே பக்குவம் வந்துவிடுகிறது. பெங்களூருவின் அம்ருத் 2004இல் கிளாஸ்கோ நகரில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. கோவாவின் பால் ஜான், ஹரியானாவின் இந்த்ரி ஆகியவையும் அலமாரியில் இடம்பிடிக்கத் தகுந்தவை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், புகைவாசம் பழகாதவர்கள் புகையூட்டாத வகையிலிருந்து தொடங்குவது நல்லது.

பத்து வருசம் பூட்டி வெச்சா ருசி கூடுமுங்களா?

கூடாது. விஸ்கி, பிராந்தி போன்ற வடித்த மது முதிர்வது மரப்பீப்பாயில் மட்டும். கண்ணாடிக்குள் போனதும் அதன் வயது நின்றுவிடும். 12 ஆண்டு ஸ்காட்ச்சை மகள் கல்யாணத்துக்கென்று இருபது ஆண்டு வைத்தாலும் அது 12 ஆண்டு ஸ்காட்ச்தான். கார்க் காய்ந்து மட்டம் இறங்கியிருக்கும், அவ்வளவே.

வீட்டில் எந்த இடத்தில் வைப்பது?

கொங்குக்காரர்கள் மற்றதைவிட இதைத்தான் கவனிக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஈரோடு, கரூர், சேலம் பக்கம் வெளியே 40 டிகிரியை எட்டும். மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரிக்குள் இரவிலும் சூடு இறங்காது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் கோவை, பொள்ளாச்சி கொஞ்சம் தேவலாம்.

சூடு என்ன செய்கிறது என்றால், பகலில் பாட்டிலுக்குள் காற்றும் மதுவும் விரிந்து கார்க் இடுக்கு வழியே வெளியே தள்ளும். இரவில் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தினம் ஒரு மூச்சு. ஒரு கோடை முழுக்க இப்படி மூச்சுவிட்ட பாட்டிலில் வாசனை மங்கி, ஈர அட்டைப்பெட்டி போல ஒரு மணம் வரும்.

ஆகாத இடங்கள்: ஃபிரிட்ஜின் மேல் (பின்னாலிருந்து வரும் சூடு அங்கேதான் ஏறும்), சமையலறை அட்டாலி, கான்கிரீட் கூரைக்குக் கீழே இருக்கும் பரண், ஜன்னலோரக் கண்ணாடி ஷோகேஸ். ஷோகேஸுக்குள் விளக்கு போட்டால் இன்னும் மோசம். வெளிச்சத்தில் நிறமும் வெளுக்கும். நல்ல இடம்: வீட்டின் நடு அறையில், வடக்கு அல்லது கிழக்குச் சுவரை ஒட்டிய மர பீரோவின் கீழ்த்தட்டு, கதவு மூடி. தரையோரம் எப்போதும் இரண்டு மூன்று டிகிரி குறைவு. குழந்தைகள் இருந்தால் பூட்டு கட்டாயம். லிக்யூர் இனிப்பாக இருப்பதால் சிரப் என்று நினைத்துக் குடித்துவிடும் ஆபத்து நிஜமானது.

பாட்டிலைப் படுக்க வைக்கலாமா?

ஒயினை மட்டும். மற்றதெல்லாம் நின்றபடிதான். 40% ஆல்கஹால் கார்க்கை அரித்துப் பொடியாக்கும். மாதம் ஒருமுறை பாட்டிலை நாலைந்து விநாடி சாய்த்துக் கார்க்கை நனைத்து நிமிர்த்தினால் காய்ந்து போகாது.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

ஆல்கஹாலையும் பாட்டிலில் மிச்சமிருக்கும் அளவையும் பொறுத்தது. 40%க்கு மேற்பட்ட விஸ்கி, ரம், பிராந்தி, ஜின், வோட்கா கெட்டு உடம்புக்கு ஆகாமல் போவதில்லை; வாசனைதான் தேயும். முக்கால் பாட்டில் இருந்தால் ஓராண்டுக்கு மேல் தாங்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் மிச்சத்தையெல்லாம் காற்று பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்தில் முடியுங்கள், அல்லது 180 மிலி கண்ணாடி பாட்டிலைக் கழுவி உலர்த்தி, வாய் வரை ஊற்றி மூடி வையுங்கள். குவாட்டர் பாட்டிலுக்கு இதைவிட நல்ல பயன் கிடையாது. கழுவியபின் உள்ளே ஒரு சொட்டு ஈரமும் இருக்கக் கூடாது.

லிக்யூர்களில் குவான்ட்ரோ (ஆரஞ்சு லிக்யூர், 40%), கிராண்ட் மார்னியே (40%), ட்ராம்பூயி (40%), பச்சை ஷார்த்ரூஸ் (55%) போன்ற வீரியமானவை ஓராண்டு நன்றாக இருக்கும். 20, 25% உள்ளவற்றை ஆறு மாதத்துக்குள் முடிப்பது உத்தமம். பழ லிக்யூர் பழுப்பேறினாலோ உலர்பழ வாசம் வந்தாலோ அதன் காலம் முடிந்தது.

வெர்மூத் தனி ரகம். அது லிக்யூர் அல்ல, மூலிகை சேர்த்து ஆல்கஹால் ஏற்றிய ஒயின். 15 முதல் 18% தான். திறந்த கணமே ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். அங்கேயும் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு. ஜின், கம்பாரி என்ற கசப்பு லிக்யூர், சிவப்பு வெர்மூத் தலா 30 மிலி சேர்த்தால் நெக்ரோனி. "நெக்ரோனி புளிச்சுக் கெடக்குது" என்று வரும் புகார்களில் பெரும்பாலும் குற்றவாளி, பீரோவில் ஆறு மாதம் கிடந்த வெர்மூத்தான்.

பெய்லீஸ் கட்டி கட்டியா விழுகுது. குடிக்கலாமா?

கூடாது. பால் ஏடும் விஸ்கியும் கலந்த லிக்யூர் அது, 17%. தயாரித்த நாளிலிருந்து 2 ஆண்டு என்பது திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒரே கணக்கு. ஆனால் அந்தக் கணக்கே 0 முதல் 25 டிகிரிக்குள் வைத்தால்தான். நம் ஊரில் மார்கழி, தை தவிர எந்த மாதம் வீட்டுக்குள் 25க்குக் கீழே இருக்கிறது? ஆகவே வாங்கிய அன்றே ஃபிரிட்ஜில் வையுங்கள், கதவுத்தட்டில் வேண்டாம், உள்தட்டில். வெளிநாட்டிலிருந்து வருபவர் கொண்டு வந்து கொடுத்தாலும் பாட்டிலின் பின்பக்கத் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி வெள்ளைத் தட்டில் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். நல்லது ஒரே சீராக வழியும். கெட்டது தண்ணீர் தனி, தயிர்த்துகள் தனியாகப் பிரியும், புளித்த மணமும் வரும். எலுமிச்சையோ சோடாவோ சேர்த்ததும் திரிந்தால் அது கெட்டதல்ல. புளிப்பு பட்டால் எந்தப் பாலும் திரியத்தான் செய்யும்.

ஆரஞ்சு லிக்யூர் மூடி இறுகிட்டுது, திறக்க வரலைங்க.

ஊற்றியபின் கழுத்தில் வழிந்த துளி காய்ந்து சர்க்கரைப் பசையாகி மரையைப் பிடித்துக்கொண்டது. மூடியை மட்டும் சூடான குழாய்த் தண்ணீரில் அரை நிமிடம் காட்டி, ஈரத்துணி சுற்றித் திருகுங்கள். கத்தியால் நெம்பினால் மரை வளையும். பிறகு அந்த மூடி என்றைக்கும் காற்றுப்புகாமல் அடையாது. இனி ஒவ்வொரு முறை ஊற்றியதும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கழுத்தையும் மூடியின் உட்புறத்தையும் துடைத்துவிட்டு மூடுங்கள். துடைக்காமல் விட்ட பாட்டிலைக் கட்டெறும்பு கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போதும்.

கார்க் பாதியில் ஒடிந்து உள்ளே விழுந்துவிட்டது.

மது கெடவில்லை. காபி வடிதாள் அல்லது நாலு மடிப்பு வேட்டித்துணி வழியே வேறு கண்ணாடி பாட்டிலுக்கு வடித்து, காலியான மற்றொரு பாட்டிலின் கார்க்கைப் போடுங்கள். இதற்காகவே நல்ல கார்க்குகளைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பது பழகினவர்கள் வழக்கம். வெட்டுக்கண்ணாடி டிகாண்டரில் மட்டும் நாள்கணக்கில் ஊற்றி வைக்காதீர்கள்; ஈயம் கலந்த கண்ணாடியாக இருந்தால் ஈயம் மெல்ல மதுவில் இறங்கும். மேசைக்கு ஊற்றி அன்றே முடித்தால் பாதகமில்லை.

ஐஸ் போட்டதும் விஸ்கி கலங்குகிறது. கலப்படமா?

பெரும்பாலும் நல்ல அறிகுறி. குளிரூட்டி வடிகட்டாமல் 46% அல்லது அதற்கு மேல் அடைத்த விஸ்கியில் கொழுப்பு அமில எஸ்டர்கள் மிச்சமிருக்கும். தண்ணீர் சேர்ந்து ஆல்கஹால் குறைந்ததும், குளிர்ந்ததும் அவை கரையாமல் புகைபோலத் தெரியும். சோம்பு வாசனை உள்ள ஊசோ, பஸ்தீஸ் போன்றவை தண்ணீர் பட்டதும் பால்போல வெளுப்பது அனித்தோல் என்ற எண்ணெயால். அது அதன் அழகு. ஆனால் ஊற்றும் முன்பே பாட்டிலுக்குள் கலங்கலோ, அடியில் துகளோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் பாட்டில் வெடிக்குமா?

40% மது உறைய சுமார் −27 டிகிரி வேண்டும். வீட்டு ஃப்ரீசர் −18 தான். வோட்கா, ஜின் தாராளமாக வைக்கலாம், கெட்டியாக எண்ணெய் போல ஒழுகும். 20%க்குக் கீழ் உள்ளவை பாதி உறைந்து கூழாகும். பீர், ஒயின், வெர்மூத் வைத்து மறந்தால்தான் வெடிக்கும். நல்ல மால்ட்டை அங்கே வைக்காதீர்கள். வாசனை எழும்பாது, காசு வீண்.

எந்த லிக்யூர் காசுக்குத் தகும்?

முதலிடம் குவான்ட்ரோ. பிராந்தி, ரம், ஜின் எதனோடும் சேரும். வீரியம் அதிகம் என்பதால் சூட்டையும் தாங்கும். இரண்டாவது கம்பாரி. கசப்பு பழகாதவருக்கு ஆகாது. ஆனால் சுண்டைக்காய் வற்றலும் பாகற்காயும் தின்று வளர்ந்த நாக்குக்கு அது ஒன்றும் புதிதல்ல, 30 மிலி கம்பாரியில் 90 மிலி சோடாவும் ஒரு ஆரஞ்சுத் துண்டும் போட்டுப் பாருங்கள். மூன்றாவது அமரெட்டோ. பாதாம் மணம் வீசினாலும் அதில் பேர்பெற்ற டிசரோனோவில் பாதாமே கிடையாது. ஆப்ரிகாட் கொட்டை எண்ணெயிலிருந்து வரும் மணம் அது.

காபி லிக்யூரும் தேங்காய் லிக்யூரும் வாங்க வேண்டியதில்லை. ஏற்காட்டிலும் வால்பாறையிலும் காபி விளையும்போது, பொள்ளாச்சியில் தேங்காய் குவியும்போது, மெக்ஸிகோ பாட்டிலும் மாலிபு பாட்டிலும் எதற்கு? இரண்டையும் வீட்டில் போடும் வழி கீழே.

காபி லிக்யூர் எப்படிப் போடுவது?

தேவை: கருப்பு ரம் அல்லது வோட்கா 750 மிலி (42.8%), சிக்கரி கலக்காத காபிக்கொட்டைப் பொடி 100 கிராம், நாட்டுச்சர்க்கரை 250 கிராம், தண்ணீர் 200 மிலி.

பொடி கோதுமை ரவை பருமனில் இருக்க வேண்டும். டிகாக்‌ஷனுக்கு அரைக்கும் மாவுப்பொடியைப் போட்டால் வடியவே வடியாது. சிக்கரி கலந்ததைப் போட்டால் கூழாகி, மண்வாசம் வீசும். அரைக்கும் கடையில் "சுத்தக் காபி, ரவைப் பதம்" என்று சொல்லி வாங்குங்கள். அகலவாய்க் கண்ணாடி ஜாடியில் பொடியும் ரம்மும் போட்டுக் கலக்கி, மூடி, நிழலில் 18 முதல் 24 மணி நேரம் விடுங்கள். கோடையில் 18 மணியோடு நிறுத்துங்கள். இரண்டு நாள், மூன்று நாள் ஊறினால் வாசனை கூடும் என்று நினைப்பார்கள், கூடுவது கசப்புதான். அலுமினியப் போசியும் பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம்.

முதலில் துணியில் வடித்து, பிறகு காபி வடிதாளில் வடியுங்கள். துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். நுண்துகள் இறங்கி அடியில் சேறு தங்கும். 750இல் 150 முதல் 200 மிலி பொடி குடித்துவிடும், கைக்கு வருவது ஏறக்குறைய 570 மிலி.

பாகுக்குக் கவுந்தப்பாடிச் சந்தைச் சரக்கு போல, பழுப்பு நிறச் சர்க்கரை எடுங்கள். பளீரென மஞ்சளாக இருந்தால் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்திருக்கலாம். கந்தக வாடை லிக்யூர் முழுக்க ஏறும். தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து ஒரு கொதி விட்டு, மேலே வரும் அழுக்கு நுரையை எடுத்து, துணியில் வடிகட்டி, முழுதாக ஆற விடுங்கள். சூட்டோடு ஊற்றினால் ஆல்கஹாலும் காபி மணமும் ஆவியாகிப் போகும். கம்பிப்பதம் வரை காய்ச்சாதீர்கள், ஃபிரிட்ஜில் சர்க்கரை பூக்கும்.

இரண்டையும் கலந்தால் சுமார் 925 மிலி வரும், ஆல்கஹால் ஏறக்குறைய 26%. ஒரு வாரம் இருட்டில் வைத்தால் ரம்மும் காபியும் ஒன்றோடொன்று இணங்கும். அடியில் மெல்லிய வண்டல் தங்கினால் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் ஆறு மாதம்.

தேங்காய் ரம்முக்குத் தேங்காய்ப்பூ ஊறப்போடலாமா?

போடாதீர்கள். துருவலும் பாலும் இரண்டே நாளில் நெய்ச்சத்து பிரிந்து காறல் அடிக்கும். எண்ணெயில் கழுவும் வழிதான் சரி. ரம் 375 மிலி, மரச்செக்கில் ஆட்டிய புதுத் தேங்காய் எண்ணெய் 40 மிலி. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரைக் களமே இருக்கிறது, புது எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. வாங்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்து மோந்து பாருங்கள். சிறிதளவு காறல் இருந்தாலும் ரம்மில் அது பத்து மடங்காகத் தெரியும்.

ஜாடியில் இரண்டையும் ஊற்றி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, அறைச் சூட்டில் நாலு மணி நேரம் விடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை குலுக்குங்கள். பிறகு ஜாடியை நிமிர்த்தி ஃப்ரீசரில் ஓர் இரவு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால், காலையில் ரம்மின் மேல் வெள்ளை மெழுகுத்தட்டு போல ஒன்று நிற்கும். கரண்டிக்காம்பால் அதன் ஓரத்தில் ஒரு துளை, எதிர்ப்பக்கம் காற்றுக்கு இன்னொரு துளை. சாய்த்தால் தட்டு அப்படியே நிற்க, ரம் மட்டும் ஒழுகும். இரண்டு துளை போடாவிட்டால் தட்டு இடம்பெயர்ந்து எல்லாம் ஒன்றாகக் கொட்டும். குளிர்ந்த நிலையிலேயே காபி வடிதாளில் வடியுங்கள். சூடேறினால் எண்ணெய் உருகித் தாளையும் கடந்துவிடும். கிளாஸில் எண்ணெய்க்கண் மிதந்தால் மறுபடி ஃப்ரீசரில் வைத்து வடிப்பதைத் தவிர வழியில்லை. இனிப்பு வேண்டுமானால் தனியாகச் சேருங்கள். ஃபிரிட்ஜில் ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

தட்டாக எடுத்த எண்ணெயைச் சமையலுக்கு ஊற்றாதீர்கள், ரம் தங்கியிருக்கும். அடுப்பில் குப்பென்று பிடிக்கும்.

நார்த்தங்காயில் லிமோன்செல்லோ மாதிரி வருமா?

வரும், இத்தாலியக்காரர்களின் அந்த எலுமிச்சைத்தோல் லிக்யூரைவிட முரட்டு மணம். நார்த்தங்காயின் பச்சைத் தோலை மட்டும் 50 கிராம், உருளைக்கிழங்கு சீவும் கத்தியால் மெல்லிசாகச் சீவி 375 மிலி வோட்காவில் 5 நாள். வெள்ளைத்தோல் ஒரு கீற்று சேர்ந்தாலும் கசப்பு ஒட்டிக்கொள்ளும். வடித்து, வெள்ளைச் சர்க்கரை 120 கிராம், தண்ணீர் 100 மிலி காய்ச்சி ஆற்றிய பாகு சேர்த்தால் சுமார் 29%. இத்தாலியில் 95% ஆல்கஹாலில் ஊறவைப்பதால் அது மங்கலாக வரும், 42.8%இல் ஊறியது தெளிவாகவே இருக்கும், அது குறையல்ல.

ஆனைமலைப் பக்கம் கிடைக்கும் ஜாதிபத்திரி போட ஆசைப்படுபவர்கள் அரை லிட்டருக்கு ஓர் இதழோடு நிறுத்துங்கள், மறுநாளே எடுத்துவிடுங்கள். ஜாதிக்காய் அளவு மீறினால் தலைசுற்றல், வாந்தி, படபடப்பு வரும்.

தண்ணி எதுவானா என்னங்க?

பாதி கிளாஸ் தண்ணீர்தானே! சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் கவலையே இல்லை. திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் மால்ட்டின் மணத்தை அமுக்கி, வாயில் துவர்ப்பை விடும். ஐஸுக்கும் அதே தண்ணீர்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். உருகியபின் கிளாஸ் அடியில் வெள்ளைப் பொடி தங்கினால் காரணம் அதுதான். வடிகட்டிய தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி ஐஸ் போடுங்கள். மீன், இட்லி மாவு, மல்லிகைப்பூ இருக்கும் ஃபிரிட்ஜில் ஐஸ் தட்டுக்கு மூடி வேண்டும், இல்லையென்றால் ஜின்னில் பூ மணக்கும்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு ஊற்றுவது?

கண்ணளவில் ஊற்றாதீர்கள், 30/60 மிலி அளவுக்கிண்ணம் ஒன்று வாங்கி வையுங்கள். 42.8% மது 30 மிலியில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 180 மிலி குவாட்டர் என்றால் 60 கிராம், அதாவது ஆறு சிறு பெக். மேலே சொன்ன சைட்கார் ஒன்றில் பிராந்தியும் லிக்யூருமாக 23 கிராம் போகும். இனிப்பும் புளிப்பும் அதை மறைத்துவிடும். மூன்றாவது கிளாஸில் பெரியப்பா பழைய வரப்புத் தகராறைப் பேச ஆரம்பிப்பது இதனால்தான். வண்டி எடுக்க வேண்டியவருக்கு ஒரு சொட்டும் வேண்டாம்.

சளிக்கு, குழந்தைக்கு ஒரு மூடி பிராந்தி கொடுக்கலாம்னு வீட்ல பெரியவங்க சொல்றாங்களே?

குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது. ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கி வலிப்பு வரும் அபாயம் உண்டு. பெரியவர்களுக்கும் சளியைப் போக்காது. நெஞ்சு சூடானது போலத் தெரிவது தோலின் ரத்தக்குழாய்கள் விரிவதால். உண்மையில் உடம்பு சூட்டை இழக்கிறது. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை, தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

நாட்டுக்கோழிக்கும் பள்ளிபாளையம் சிக்கனுக்கும் எது சேரும்?

பள்ளிபாளையத்தில் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச்சில்லு மூன்றும்தான் ருசி. வீரியமான மது மிளகாய் எரிச்சலைக் கூட்டும். ரம் 30, சோடா 120, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் என்று நீட்டி ஊற்றுங்கள். தேங்காய் ரம் இதற்கென்றே பிறந்தது. மிளகு தூக்கலான நாட்டுக்கோழி வறுவலுக்கு ஜின். ஒப்புட்டுக்குக் காபி லிக்யூர் 20 மிலி, ஐஸ் இல்லாமல்.

சட்டத்தில் கவனிக்க வேண்டியது?

வீட்டில் வைத்திருக்கும் அளவுக்கு மதுவகை வாரியாக வரம்பு உண்டு. மது எங்கே வாங்கியது என்று காட்டும் ரசீதையும் வைத்திருங்கள். வாளையார் தாண்டிக் கேரளத்திலிருந்தோ, திம்பம் இறங்கிக் கர்நாடகத்திலிருந்தோ, புதுச்சேரியிலிருந்தோ பாட்டில் கொண்டுவருவது குற்றம். சோதனைச்சாவடியில் வண்டியோடு போகும். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருபவருக்குத் தீர்வையின்றி 2 லிட்டர். வீட்டில் சாராயம் காய்ச்சுவது கடுங்குற்றம், ஊறவைத்துச் செய்ததை விற்பதும் அப்படியே. கள்ளுக்கு 1987 முதல் தடை. தென்னையை வைத்துக்கொண்டு கள் இறக்க முடியாத வருத்தத்தை இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் கேட்கலாம்.

போலிச் சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூடியின் கீழ்வளையம் திருகும்போது 'கடக்' என்று அறுபட வேண்டும். முழு மூடியும் வளையத்தோடு சுற்றினால் திறக்காதீர்கள். ஹாலோகிராம் ஸ்டிக்கர் கிழிந்தோ, ஒட்டிய பசை வெளியே வழிந்தோ இருக்கக் கூடாது. ஒரே ரகத்தில் இரண்டு பாட்டிலின் மட்டம் வேறாக இருந்தாலும் யோசியுங்கள். போலிச் சரக்கில் கலக்கும் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹாலைக் கொளுத்திப் பார்த்தோ மோந்து பார்த்தோ கண்டறிய முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். குடித்தபின் கண் மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு.

காலி பாட்டிலை என்ன செய்வது?

டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். நீலகிரியில் 2022இல் தொடங்கிய திட்டம் பிறகு கோவைக்கும் வந்தது. வெளிநாட்டு பாட்டிலை மட்டும் அப்படியே பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். நல்ல ஸ்காட்ச் காலி பாட்டிலுக்கு மூடியோடும் பெட்டியோடும் கேட்டு வாங்குபவர்கள் உண்டு, எதற்கென்று சொல்லத் தேவையில்லை. வெந்நீரில் ஊறவைத்து லேபிளைச் சுரண்டி, மூடியை நசுக்கி, பெட்டியைக் கிழித்த பிறகு போடுங்கள்.